ஓநாய் ஊரில் மாடு மேய்ப்பது

கன்று செத்த செய்தி எங்களுக்கு முதலில் தாய்மாட்டிடமிருந்துதான் வரும். ஜூலை மாதம், மலை மேய்ச்சலில் ஒரு கறுப்பு ஆங்கஸ் மாடு மடி புடைத்து, காம்பில் பால் கசிய, நின்ற இடத்திலேயே நின்று கத்திக்கொண்டிருந்தால், கன்று ஒரு நாளாகக் குடிக்கவில்லை என்று அர்த்தம். குரல் கம்மிப்போயிருந்தால் இரண்டு நாள். காங்கேயம் பக்கம் மாடு கன்றுகளோடு வளர்ந்தவள் நான். மடியைப் பார்த்தே விஷயத்தைச் சொல்வது ஏழெட்டு வயதில் கற்றது. 2013-ல் கல்யாணமாகி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்கு வந்தபோது, குதிரை ஏறத் தெரியாது, பனியில் வண்டி ஓட்டத் தெரியாது, வீட்டார் பேசும் இங்கிலீஷில் பாதி புரியாது. மடி பார்க்கத் தெரியும் என்ற ஒன்றை வைத்துத்தான் மாமனாரிடம் பேர் வாங்கினேன்.

எங்கள் பண்ணை யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு வடக்கே, பாரடைஸ் பள்ளத்தாக்கிலிருந்து பிரிந்து மேலே ஏறும் ஒரு சின்னப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. தாய்மாடுகள் முந்நூற்றுச் சொச்சம். மார்ச், ஏப்ரலில் ஈத்து. ஜூனில் கன்றோடு மலைக்கு ஓட்டிவிடுவோம். அது அரசாங்கத்தின் வன நிலம், குத்தகைக்கு மேய்க்கிறோம். அக்டோபரில் திரும்ப இறக்கி, எண்ணி, கன்றுகளை விற்போம். வருடத்துக்கு ஒரே ஒரு சம்பள நாள், அவ்வளவுதான்.

அப்பாவிடம் முதன்முதலில் ஓநாய்த் தொல்லையைப் போனில் சொன்னபோது, "ஏஞ்சாமி, ராத்திரிக்குப் பட்டியில அடைச்சுப்போட்டா முடிஞ்சுது. இதுக்குப் போயி இத்தன பேச்சா?" என்றார். அவர் மனதில் ஓடியது எங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொரங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, நாலைந்து ஏக்கர், கூப்பிட்டால் வந்து நிற்கும் மாடு. இங்கே முந்நூறு மாடும் கன்றும் ஆயிரக்கணக்கான ஏக்கர் மலையில் சிதறிக் கிடக்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் குதிரையில் போகவே ஒரு பகல் ஆகும். மழை பெய்தால் எதிர்ச் சரிவில் நிற்பது மாடா மரக்கட்டையா என்றுகூடத் தெரியாது. அடைப்பதற்குப் பட்டியும் இல்லை, பட்டிக்கு ஓட்டி வர நேரமும் இல்லை.

ஓநாய் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யெல்லோஸ்டோனின் கடைசி ஓநாய்களை 1926-ல் அரசாங்க ஆட்களே கொன்று தீர்த்தார்கள். எழுபது வருடம் கழித்து அதே அரசாங்கம் கனடாவிலிருந்து கொண்டுவந்தது. 1995-ல் 14, 1996-ல் 17. பக்கத்து ஐடஹோ மலைகளிலும் அந்த இரண்டு வருடத்தில் 35 ஓநாய்களை விட்டார்கள். 1995 ஜனவரி 12 அன்று முதல் கூண்டுகள் கார்டினர் ஊரின் கல் வளைவு வழியாகப் பூங்காவுக்குள் போயின. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வேடிக்கை காட்டினார்கள். மாமா அன்றைக்கு அந்த ஊருக்கு டயர் வாங்கப் போயிருந்தாராம். "எல்லாரும் கை தட்டினார்கள். நான் டயருக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்" என்பார். இந்தக் கதையை எனக்குக் குறைந்தது இருபது தடவை சொல்லியிருக்கிறார். இருபது தடவையும் அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஓநாயை வெறுக்கும் முரட்டு ஆட்கள் என்றுதான் பண்ணைக்காரர்களைப் பற்றி நானும் முதலில் நினைத்தேன். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து பேசும்போது வருகிற கோபம் வேறு. அது சாட்சி சம்பந்தப்பட்டது. "கன்று போனது எனக்கு, தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவன் நான், கொன்றது ஓநாய்தான் என்று நிரூபிக்க வேண்டியவனும் நான்" என்பார்கள்.

2016 ஆகஸ்டில் இதை நேரில் பார்த்தேன். மடி கட்டிய மாடு ஒன்று இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரும் நானும் குதிரையில் தேடினோம். கடைசியில் வழி காட்டியது அண்டங்காக்கைக் கூட்டம். ஓடைக்கு மேலே ஒரு வில்லோப் புதரில் வட்டமிட்டது. கிட்டப் போனால் நான்கு கால், கொஞ்சம் தோல், முதுகெலும்பு, காதில் மாட்டியிருந்த அடையாள வில்லை. மீதி எல்லாம் போய்விட்டது. சேற்றில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஓநாய்த் தடம். பக்கத்திலேயே கரடித் தடமும். விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். மிச்சமிருந்த தோலை உள்பக்கம் திருப்பி, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, "இது ஓநாயாக இருக்கலாம். கரடியாகவும் இருக்கலாம். விஷச்செடி தின்று செத்ததை இரண்டும் வந்து தின்றிருக்கலாம். இதை வைத்து என்னால் எழுத முடியாது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதிகாரிகள் தேடுவது என்ன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. உயிரோடு இருக்கும்போது கடித்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டும். கன்றிச் சிவந்து, ஜெல்லி மாதிரி திரண்டு நிற்கும். செத்த பிறகு கடித்தால் ஓட்டைதான் இருக்கும், ரத்தக்கட்டு இருக்காது. ஓநாய் பெரும்பாலும் பின்தொடை, விலா ஓரம், முன்கால் இடுக்கு என்று பிடிக்கும். வெளியே ரோமத்தில் ஒன்றுமே தெரியாது. தோலை உரித்தால் உள்ளே தொடை முழுக்கக் கறுத்திருக்கும். கோரைப்பல் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளந்து ஓநாயா, கயோட்டியா என்று பிரிப்பார்கள். கயோட்டி என்பது நம் ஊர் நரியைவிடக் கொஞ்சம் பெரியது. இவ்வளவும் தெரிய வேண்டுமானால் தோல் இருக்க வேண்டும், சதை இருக்க வேண்டும். ஓநாய்க் கூட்டம் ஒரு சின்னக் கன்றைத் தின்று முடிக்க ஒரு ராத்திரி போதும். எங்களுக்குத் தகவல் தெரிவதற்கே இரண்டு நாள் ஆகிறது.

அன்றிலிருந்து வண்டியிலும் சேணப்பையிலும் சில சாமான்கள் நிரந்தரமாக இருக்கின்றன. தார்ப்பாய், கயிறு, கல் வைத்துக் கட்ட நாலு சாக்கு, ஒரு அளவுகோல், பேட்டரி தீராத கேமரா. செத்ததைப் பார்த்தால் முதலில் செய்யக்கூடாதது, கிட்டப் போய்ச் சுற்றிச் சுற்றி நடப்பது. தடம் எல்லாம் அழிந்துவிடும். நாயைக் குதிரையோடு கட்டிப்போட வேண்டும். தூரத்திலிருந்து நாலு திசையிலும் படம், அப்புறம் கிட்டப் போய்த் தடத்துக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம். இழுபட்ட தடம், முறிந்த செடி, ரத்தம் தெறித்த புல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஓடிய விலங்குதான் ரத்தம் தெறிக்கும். படுத்துச் செத்தது தெறிக்காது. பிறகு தார்ப்பாயைப் போட்டு மூடி, ஓரத்தில் கல் அடுக்கிவிட்டு, போன் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏற வேண்டும். உடலை நகர்த்தவே கூடாது. நாமே தோலை உரித்துப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். அதையும் செய்யக்கூடாது. இன்னொன்று, கரடி இருக்கும் ஊரில் செத்ததன் பக்கத்தில் ஒரு ஆள் குனிந்து வேலை செய்தால் இன்னொரு ஆள் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை பயந்துதான் கற்றுக்கொண்டேன்.

அந்த வருடம் அக்டோபரில் எண்ணியபோது பதினொரு கன்று குறைந்தது. ஓநாய் என்று உறுதியானது ஒன்று. அந்த ஒன்றுக்குச் சந்தை விலை கிடைத்தது. மீதிப் பத்தையும் ஓநாய் தின்றது என்று நான் சொல்லவில்லை. நிமோனியா, டெல்ஃபினியம் மாதிரி விஷச்செடி, பாறையில் வழுக்கி விழுவது, திருட்டு என்று மலையில் சாவதற்கு நூறு வழி. ஆனால் ஓநாய் வருவதற்கு முன்னால் மாமாவின் நோட்டில் வழக்கமாகக் குறைந்தது நாலு, ஐந்து. ஐடஹோவில் காட்டு மேய்ச்சலில் நடந்த ஓர் ஆய்வு 2003-ல் வந்தது. உறுதியாகக் கண்டுபிடித்த ஒரு கன்றுக்கு மொத்தம் எட்டு வரை போயிருக்கலாம் என்று அதில் கணக்கு. இதை வைத்துத்தான் வயோமிங்கில் சில பகுதிகளில் உறுதியான ஒரு கன்றுக்கு ஏழு வரை பெருக்கித் தருகிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒன்றுக்கு ஒன்று.

மாநிலம் முழுக்க உள்ள மாடுகளோடு வகுத்துப் பார்த்தால் ஓநாய் தின்றது ஒரு சதவீதம்கூட வராது. இதை நகரத்து நண்பர்கள் எனக்கு அடிக்கடி அனுப்புவார்கள். உண்மைதான். ஆனால் நட்டம் சமமாகப் பிரிந்து வருவதில்லை. நூறு பண்ணையில் தொண்ணூறு பண்ணைக்கு ஒன்றுமே ஆகாது. மீதியில் இரண்டு மூன்று பண்ணை மாட்டிக்கொள்ளும். அதிலும் கண்ணுக்குத் தெரியாத நட்டம் ஒன்று உண்டு. 2014-ல் மொன்டானா பல்கலைக்கழக ஆட்கள் 18 பண்ணைக் கணக்குகளை வைத்து எழுதியது: ஓநாய் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் மட்டும் கன்றின் எடை குறைவதில்லை. ஆனால் ஒரு பண்ணையில் கன்றை அடித்திருந்தால், அங்கே மிச்சமிருக்கும் கன்றுகள் சராசரியாக 22 பவுண்டு, அதாவது 10 கிலோ இளைத்திருக்கின்றன. இருநூற்றைம்பது கன்றுக்கு 10 கிலோ என்று பெருக்கினால் செத்த கன்றின் விலை தூசு. பயந்த மாடு நல்ல புல் இருக்கும் ஓடைப் பக்கம் இறங்காது, வேலியோரமே நிற்கும். சினை பிடிப்பதும் தள்ளிப்போகும்.

சரி, என்ன செய்தோம்? முதலில் சிவப்புக் கொடி. கயிற்றில் ஒன்றரை அடிக்கு ஒரு கொடி கட்டி ஈத்து வயலைச் சுற்றிவிடுவது. கிழக்கு ஐரோப்பாவில் ஓநாய் வேட்டைக்குப் பயன்படுத்திய பழைய உத்தி. புது விஷயத்தைக் கண்டால் ஓநாய்க்குத் தயக்கம். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். எங்கள் பக்கம் லிவிங்ஸ்டன் ஊர்க் காற்று என்றால் அமெரிக்காவிலேயே பேர்போனது. லாரியைக் கவிழ்க்கும் காற்று. மூன்றாம் நாள் கொடி எல்லாம் கயிற்றோடு சுருண்டு ஊசி மாதிரி நின்றது. மீதியைக் கன்றுகள் மென்று தின்றன. தினமும் காலையில் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு கொடியாகப் பிரித்துவிடுவது என் வேலை. சின்ன வயலுக்கு, ஈத்து நடக்கும் ஆறேழு வாரத்துக்கு, பிரித்துவிட ஆள் இருந்தால் வேலை செய்யும். மலை மேய்ச்சலுக்கு இதைச் சொல்பவர் மலையைப் பார்த்ததில்லை.

உண்மையில் பலன் தந்தது செத்த மாட்டை அப்புறப்படுத்துவது. எல்லாப் பண்ணையிலும் ஒரு மூலை உண்டு. ஈத்தில் செத்த கன்று, குளிரில் செத்த கிழ மாடு எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுவது மூன்று தலைமுறைப் பழக்கம். எங்கள் மூலை ஈத்து வயலிலிருந்து கூப்பிடு தூரம். ஓநாய்க்கும் கரடிக்கும் நாமே சோறு போட்டு, வாசலுக்கு வழி காட்டிய மாதிரி. மொன்டானாவின் பிளாக்ஃபுட் பள்ளத்தாக்கில் பண்ணைக்காரர்களே சேர்ந்து 2003-லிருந்து செத்த மாடுகளை லாரி வைத்து எடுத்து, மக்க வைக்கிறார்கள். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நான் சொன்னபோது மாமா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. "நான் அசிங்கமாகப் பண்ணை வைத்திருக்கிறேன் என்கிறாயா?" என்று கேட்டார். நாலாம் நாள் டிராக்டரை எடுத்துக்கொண்டு அவரே போனார். அடுத்த வசந்தத்தில் ஈத்து வயல் பக்கம் ஒரு தடம்கூட இல்லை. அதற்கு ஓநாய்க் கூட்டம் இடம் மாறியதும் காரணமாக இருக்கலாம். ஆனால் மூலைக்கு நாங்கள் திரும்பப் போகவில்லை.

இன்னொன்று, மலையில் ஆள் இருப்பது. 2017-லிருந்து கோடை முழுக்க ஒருவர் குதிரையில் மாட்டோடு இருக்கிறார். பக்கத்துப் பண்ணைகளோடு சேர்ந்து சம்பளம் கொடுக்கிறோம். இங்கே ரேஞ்ச் ரைடர் என்பார்கள். எனக்கு அது நம் கீதாரிதான். அவர் ஓநாயைத் துரத்துவது குறைவு. விடியலிலும் அந்தியிலும் மாட்டைச் சுற்றி வருவார், மடி பார்ப்பார், நொண்டியைக் கண்டுபிடிப்பார், சிதறிய மாட்டைக் கூட்டிச் சேர்ப்பார். மந்தையாக நிற்கும் மாடு ஓநாயைக் கண்டால் திரும்பி நிற்கும். ஓடுகிற மாடுதான் சாகும். பழக்கினால் தாய்மாடுகள் கன்றை நடுவில் விட்டு நிற்கக் கற்றுக்கொள்கின்றன. செலவு அதிகம், எல்லாராலும் முடியாது. ஆனால் அவர் வந்த பிறகு செத்ததை இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடிப்பது போய், அன்றே கண்டுபிடிக்கிறோம். 2018-ல் உறுதியானவை மூன்று. சாவு கூடவில்லை, சாட்சி கிடைத்தது.

அந்த மூன்றுக்குப் பிறகு அரசாங்க ஆட்கள் வந்து இரண்டு ஓநாய்களைச் சுட்டார்கள். நான் அழவில்லை, சந்தோஷப்படவும் இல்லை. அந்தக் கோடை அமைதியாகப் போனது. மறு வருடம் வேறு கூட்டம் வந்து அதே ஓடையில் குடியேறியது. இடம் காலியானால் நிரம்பும். அடிக்கிற கூட்டத்தை அடித்த உடனே, அடித்த இடத்திலேயே குறைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆறு மாதம் கழித்து, பத்து மைல் தள்ளி, எதையும் செய்யாத ஓநாயைச் சுடுவதால் என் கன்றுக்கு என்ன பயன் என்று இன்றுவரை புரியவில்லை. 2021-22 குளிர்காலத்தில் பூங்கா எல்லையைத் தாண்டிய இருபதுக்கும் மேற்பட்ட யெல்லோஸ்டோன் ஓநாய்கள் வேட்டையில் செத்தன. அதில் எதுவும் எங்கள் மாட்டைத் தொட்டதாகக் கேள்விப்படவில்லை. இதைச் சொன்னால் மாமாவின் நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வேட்டைக்காரர்கள் கதை தனி. இங்கே வேட்டை பணக்காரப் பொழுதுபோக்கு இல்லை. ஒரு பெண் எல்க் மான் விழுந்தால் அறுபது கிலோ கறி, ஒரு குளிர்காலச் சாப்பாடு. (மிளகு தூக்கலாகப் போட்டு நல்லெண்ணெயில் வறுத்தால் வெள்ளாட்டுக் கறி தோற்றுவிடும். மாமியாரே இப்போது அப்படித்தான் கேட்கிறார்.) 1994 வாக்கில் பூங்காவின் வடக்கு மந்தையில் சுமார் 19,000 எல்க் இருந்தன. 2013-ல் எண்ணியபோது 4,000-க்கும் கீழ். கார்டினரில் ஜனவரியில் நடக்கும் பெரிய வேட்டையைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் நிறுத்தியே விட்டார்கள். அதை நம்பி இருந்த வழிகாட்டிகள், விடுதிக்காரர்கள், கறி வெட்டுபவர்கள் பிழைப்பு போனது. ஓநாய் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. கரடி கூடியது, 1997-ல் கொடும்பனி, அப்புறம் வறட்சி, வேட்டையிலேயே பெண் எல்க்குகளை நிறையச் சுட்டது என்று எல்லாம் சேர்ந்தது. மாநிலம் முழுக்கப் பார்த்தால் எல்க் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஆனால் தன் தாத்தா காட்டிய மேட்டில் முப்பது வருடம் உட்கார்ந்தவருக்கு மாநிலக் கணக்கு எதற்கு?

மாமாவிடம் ஒரு வேடிக்கை உண்டு. வேட்டைக்காரராக அவருக்கு எல்க் வேண்டும். பண்ணைக்காரராக எல்க்கைக் கண்டாலே ஆகாது. யெல்லோஸ்டோன் சுற்றுவட்டார எல்க்குகளில் புருசெல்லோசிஸ் இருக்கிறது. சினை மாடு கன்று வீசும் நோய். மந்தையில் ஒன்றுக்கு வந்தாலும் தனிமைப்படுத்தி, மாதக்கணக்கில் விற்க முடியாமல் நிறுத்திவிடுவார்கள். மலையில் ஓநாய் விரட்டினால் எல்க்குகள் ஐந்நூறு, அறுநூறாகச் சேர்ந்து எங்கள் வைக்கோல் வயலுக்கு இறங்கிவிடுகின்றன. வேட்டைக்குப் போனால் மலையில் எல்க் இல்லை, வீட்டுக்கு வந்தால் சினை மாட்டுக்கு நடுவில் எல்க். "அவற்றை விரட்ட நமக்கு ஒரு ஓநாய் வேண்டும்" என்று ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டார். சமையல்கட்டே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

2023 டிசம்பர் 18 அன்று கொலராடோவில் ஓநாய் விட்டபோது பழைய காயம் கிளறியது. அங்கே முடிவு செய்தது 2020-ல் நடந்த ஓட்டெடுப்பு. 51 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழேதான் ஆதரவு. ஆதரவு ஓட்டு பெரும்பாலும் நகரத்தில் விழுந்தது, ஓநாயை விட்டது ராக்கி மலைக்கு மேற்கே. ஓரிகனிலிருந்து கொண்டுவந்த ஓநாய்களில் சில, அங்கே ஏற்கெனவே மாடு அடித்த கூட்டங்களைச் சேர்ந்தவை. ஒரு மாட்டுக்கு 15,000 டாலர் வரை நட்ட ஈடு என்று சட்டம் தாராளமாகத்தான் இருக்கிறது. அங்கே மாடு வைத்திருக்கும் என் தோழி கூப்பிட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டாள். நான் சொன்னது இதுதான்: ஓநாய் வருவதற்கு முன்னால் உன் கணக்கைச் சரி செய். ஐந்து வருடத்து ஈத்து, எண்ணிக்கை, சாவு, காரணம், விற்ற எடை எல்லாம் தேதியோடு எழுது. சினை பார்த்த டாக்டர் சீட்டைப் பத்திரமாக வை. முன்பு எவ்வளவு குறைந்தது என்று காட்ட முடியாதவள் இப்போது எவ்வளவு குறைகிறது என்று வாதாட முடியாது. எங்களைக் காப்பாற்றியது மாமாவின் எண்ணெய்க்கறை பிடித்த நோட்டுகள். அப்புறம், அதிகாரிகளோடு சண்டை வருவதற்கு முன்னாலேயே ஒரு காப்பி குடித்துவிடு. கன்று செத்த அன்றைக்குத்தான் முதல் அறிமுகம் என்றால் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

போன வருடம் அப்பாவிடமிருந்தே இதே பேச்சு வந்தது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப்போட, விவசாயிகள் செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு மறியல் செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரே ராத்திரியில் ஒன்பது ஆடு. "நாய்தான் கடிச்சுதுன்னு என்ன அத்தாச்சின்னு கேக்கறாங்க சாமி" என்றார். பட்டியில் அடைத்தால் முடிந்தது என்று முன்பு சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை. தோலுக்கடியில் ரத்தக்கட்டு, தார்ப்பாய், தடம், நாலு திசையில் படம் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். கடித்த இடத்துக்குப் பக்கத்தில் அளவு தெரிகிற மாதிரி ஏதாவது வைத்துப் படம் எடுங்கள் என்றும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எங்கள் செம்மறி ஒன்று, சாக்கின் மேல் கிடந்தது. தொடையில் நாலு பல் தடம். அதன் பக்கத்தில் நேராக நிறுத்தி வைத்த ஒரு தீப்பெட்டி.